முப்பத்திரண்டாம் எண்

மார்ச் 4, செவ்வாய்

இன்று முழுவதும் சுவருக்குப் பட்டி பூசும் வேலை. போன கண்காட்சியின் ஆணிகளைப் பிடுங்கியதும் சுவர் அம்மை போட்ட முகம் மாதிரி ஆகிவிட்டது. நூற்றுப் பதினான்கு ஓட்டை. அடைத்து, உப்புத்தாள் போட்டுத் தேய்த்து முடித்தபோது தலை முதல் கால் வரை வெள்ளைத் தூள். வாசல் காவலாளி, "என்னம்மா, ஆவி மாதிரி வர்றீங்க" என்றார். "ஆவிக்கு இடுப்பு வலிக்காது" என்றேன்.

வெள்ளிக்கிழமை சின்னவளின் கண்காட்சி. என் தங்கை. நாற்பத்தாறு வயதில் முதல் தடவையாக ஒரு கூடம் முழுக்க அவள் படங்கள் மட்டும். இருபது வருடமாகப் பள்ளிக்கூடத்தில் பிள்ளைகளுக்கு ஓவியம் சொல்லிக் கொடுத்துவிட்டு வந்து, எங்கள் வீட்டுச் சாப்பாட்டு மேஜையின் ஓரத்தில் உட்கார்ந்து வரைந்தவை. எல்லாமே காத்திருக்கும் அறைகள். மருத்துவமனை பெஞ்சு, அலுவலகத்து வராந்தா, பேருந்து நிலையத்தில் வரிசையாக நாற்காலிகள். ஆள் ஒருவரும் கிடையாது.

அவள் படம் தொங்கப்போகிற சுவருக்கு நான்தான் வெள்ளையடிக்கிறேன். இந்தக் காட்சிக்கூடத்தில் ஒன்பது வருடமாக அதுதான் என் வேலை. இந்தத் தடவை யாரிடமும் சொல்லாமல் ஒரு கோட்டிங் கூடுதலாக அடித்தேன்.

மார்ச் 6, வியாழன்

முப்பத்தொரு படத்தில் ஐந்துக்கு இடம் இல்லை. பொறுப்பாளர் மேடம் கடைசி நேரத்தில் பின்பக்கத்துச் சாமான் அறையைக் காலி செய்யச் சொல்லிவிட்டார். அவர் வந்து மூன்று மாதம்தான் ஆகிறது. அந்த அறைக்குள் அவர் கால் வைத்ததே இல்லை. சாவி எப்போதும் என்னிடம்தான் இருக்கும்.

ஏணி, டப்பா, பழைய சட்டங்கள் எல்லாவற்றையும் வெளியே இழுத்துப் போட்டேன். மூன்று சுவருக்கு அடித்து முடித்தேன். நாலாவதற்கு வெள்ளை போதவில்லை. கடையில் அதே வெள்ளை நாளை காலைதான் வருமாம்.

நாலாவது சுவர் என் சுவர். வெள்ளை ஒரே நிறம் என்று நினைப்பவர்கள் நிம்மதியானவர்கள். பழைய சுவர் பழுத்திருக்கும். அதில் பாதியை மட்டும் பூசினால் ஒட்டுப் போட்ட சட்டை மாதிரி பல்லிளிக்கும். அதனால் வெள்ளையில் மஞ்சள் ரெண்டு சொட்டு, கறுப்பு அரைச் சொட்டு என்று கலந்து, முதலில் ஒரு கட்டம் பூசிப் பார்க்க வேண்டும். உள்ளங்கை அகலம். கீழே பென்சிலால் கலவையும் தேதியும் குறிப்பேன். ஒன்பது வருடத்துக் கட்டங்கள் அந்தச் சுவர் பூராவும் இருக்கின்றன. யாரும் வராத அறை என்பதால் அழிக்கவில்லை.

மார்ச் 7, வெள்ளி

மறப்பதற்குள் எழுதிவிடுகிறேன்.

காலையில் பெயின்ட் வரவில்லை. பதினொரு மணிக்கு மேடம் உள்ளே வந்தார். நாலாவது சுவரைப் பார்த்தார். எனக்குக் கையும் ஓடவில்லை, காலும் ஓடவில்லை. திறப்பு விழா அன்று ஒரு சுவர் அடிக்காமல் நிற்கிறது என்றால் யார் தலை உருளும்? அவர் கேட்டது வேறு.

"இது என்ன? உங்க தங்கச்சி வேலையா?"

"ஆமாம் மேடம்," என்றேன். வாய் தானாகச் சொன்னது. "அப்படியே இருக்கட்டும்னு சொன்னா."

மேடம் பின்னால் நகர்ந்து நின்று, தலையைச் சாய்த்து, ரொம்ப நேரம் பார்த்தார். பிறகு மேஜைக்குப் போய் ஒரு சின்ன அட்டை எடுத்து வந்தார். 32. சுவரின் வலது ஓரத்தில், இடுப்புக்கு மேலே, அளந்து ஒட்டினார்.

அட்டை ஒட்டும் வரை அது கறை. ஒட்டிய நிமிடமே நானும் கைகட்டி நின்று பார்த்தேன். இது நிஜமாக நடந்தது.

சாயங்காலம் நல்ல கூட்டம். சின்னவள் யாருடனோ பேசிக்கொண்டே இருந்ததால் பின் அறைக்கு வரவேயில்லை. கழுத்தில் துண்டு சுற்றிய ஒருவர் மட்டும் அந்த அறையில் ஒரு மணி நேரம் நின்றார். விமர்சகராம். பெரிய பேராம்.

மார்ச் 9, ஞாயிறு

பத்திரிகையில் வந்துவிட்டது. சின்னவள் அடுப்படியில் நின்றபடி படித்தாள். நான் அவள் முகத்தையே பார்த்துக்கொண்டிருந்தேன்.

முப்பத்தொரு படத்துக்கும் சேர்த்து மூன்று வரி. "கைத்தேர்ச்சி உண்டு, துணிச்சல் இல்லை." பிறகு இரண்டு பத்தி முழுக்க முப்பத்திரண்டாம் எண். ஐந்நூறு வெள்ளைகள். பார்க்கப் பார்க்க ஒவ்வொன்றும் வேறாகின்றன. கீழே பென்சில் வரிகள்: "பகலில் சரி. விளக்கில் நீலம்." "மழை. நாளை பார்க்கலாம்." "தோள் வலி. இதுவே போதும்." இந்தத் தலைமுறையில் இவ்வளவு அடக்கமான, இவ்வளவு பிடிவாதமான ஒரு படைப்பைத் தாம் பார்த்ததில்லை என்று எழுதியிருந்தார்.

சின்னவள் இரண்டு தடவை படித்தாள்.

"அக்கா. இந்தத் தோள் வலி உன்னோடது. இது உன் சுவர்."

"தெரியும்."

மேடத்திடம் சொன்ன பொய்யைச் சொன்னேன். திட்டுவாள் என்று நினைத்தேன். சிரித்தாள். நானும் சிரித்தேன். இரண்டு பேரும் கண்ணில் தண்ணீர் வரச் சிரித்தோம். அப்புறம் அவள் திரும்பவும் பத்திரிகையை எடுத்து, தன் பெயர் அச்சாகியிருந்த இடத்தை விரலால் தொட்டாள். இருபது வருடத்தில் எவனும் அந்தப் பெயரை ஒரு தாளில் போட்டதில்லை.

"சொல்லிடலாமா?" என்றாள்.

நான்தான் சொன்னேன் — எழுதி வைக்கிறேன், பின்னால் மறுக்கக் கூடாது — நான்தான், "ரெண்டு நாள் போகட்டும்டி" என்றேன்.

மார்ச் 14, வெள்ளி

ரெண்டு நாள் ஐந்து நாள் ஆகிவிட்டது.

மார்ச் 16, ஞாயிறு

ஒரு கனவு. நான் ஒரு அறையை வெள்ளையடித்துக்கொண்டே போகிறேன். மூலை வரும் என்று பார்த்தால் வரவில்லை. சுவர் வளைந்து போய்க்கொண்டே இருக்கிறது. பயமாக இல்லை. ரோலர் சுவரில் உருளும் அந்த ஈரச் சத்தம் மட்டும். அடித்த இடம் எது, அடிக்காத இடம் எது என்று எனக்கே தெரியவில்லை. எங்கிருந்தோ ஒளி வருகிறது, ஜன்னல் இல்லை. விழித்த பிறகும் கொஞ்ச நேரம் கூரையைப் பார்த்துக்கொண்டு கிடந்தேன். கூரையிலும் நாலைந்து வெள்ளைகள் தெரிந்தன.

மார்ச் 19, புதன்

சுவருக்கு முன்னால் கயிறு கட்டிவிட்டார்கள். இனி நான் கிட்டே போகக் கூடாது. என் சுவரை நான் தொடக் கூடாதாம். காவலாளி, "தள்ளி நின்னு பாருங்கம்மா" என்று என்னிடமே சொல்லிவிட்டு நாக்கைக் கடித்துக்கொண்டார்.

மத்தியானம் கூட்டம் இல்லாத நேரத்தில் கயிற்றுக்கு இந்தப் பக்கம் ஒரு ஸ்டூலைப் போட்டு உட்கார்ந்தேன். மூன்று மணிக்கு மேல் அந்த அறைக்குள் வெயில் சரிந்து வருகிறது. ஒன்பது வருடத்தில் எனக்கு இது தெரியாது. கதவை மூடியே வைத்திருந்தேன். வெயில் ஏறும்போது கட்டங்கள் ஒவ்வொன்றாக எழுந்து, கொஞ்சம் நின்று, மறைகின்றன. சில மஞ்சள் பக்கம் போகின்றன. சில சாம்பலுக்கு. ஒரு கட்டம் — ஆறு வருடம் முன்னால் ஒரு ஆகஸ்டில் போட்டது — ரோஜா நிறமாக இருந்தது. நான் ரோஜாவே கலக்கவில்லை. எங்கிருந்து வந்தது?

எவ்வளவு நேரம் அப்படி இருந்தேன் என்று தெரியவில்லை. காவலாளி விளக்கைப் போட்டதும் எல்லாம் மறுபடியும் கறையாகிவிட்டன.

மார்ச் 27, வியாழன்

வேறு ஊரில் ஒரு பெரிய அருங்காட்சியகத்திலிருந்து சின்னவளுக்குக் கடிதம். அங்கே ஒரு சுவர் தருகிறார்களாம். இதே போல் ஒன்று, ஆனால் பெரிதாக.

அவள் கடிதத்தை மேஜையில் வைத்துவிட்டு என் எதிரே உட்கார்ந்தாள். வரைவதை நிறுத்தி இரண்டு வாரமாகிறது. சாயப்பெட்டி மூடியே கிடக்கிறது.

"அக்கா, நீ போடு. நான் பக்கத்துல நிக்கிறேன்."

"வேலை என்னோடது, பேர் உன்னோடதா?" என்று விளையாட்டாகத்தான் கேட்டேன். அவள் முகம் கறுத்துவிட்டது. உடனே, "சரி, போடறேன்" என்றேன். அவள் முகம் கறுத்தால் எனக்குத் தாங்காது. சின்ன வயதிலிருந்தே இதே வியாதி.

மார்ச் 30, ஞாயிறு

வீட்டில் ஒரு பலகையை நிறுத்தி முயன்று பார்த்தேன். அதே வெள்ளை, அதே பிரஷ், அதே கை. நாற்பது கட்டம் போட்டேன். செத்துப் போய்க் கிடக்கின்றன. அழகாக வர வேண்டும் என்று போட்டால் அழகு வரமாட்டேன் என்கிறது. பென்சிலை எடுத்துக் கீழே என்ன எழுதுவது என்று யோசித்தேன். யோசித்து எழுதுகிற விஷயமா அது? "மழை" என்று எழுதினேன். வெளியே நல்ல வெயில்.

ஏப்ரல் 2, புதன்

இன்று விமர்சகர் சின்னவளைப் பேட்டி எடுத்தார், சுவருக்கு முன்னாலேயே. ஓவியக் கல்லூரிப் பிள்ளைகள் பத்துப் பன்னிரண்டு பேர் தரையில் உட்கார்ந்திருந்தார்கள். நான் வெளி வராந்தாவில் ஏணி மேல் நின்று, பெயர்ந்துபோன ஒரு மூலைக்குப் பட்டி வைத்துக்கொண்டிருந்தேன். எல்லாம் காதில் விழுந்தது.

விமர்சகர் கேட்டார், "இதுக்குப் பின்னால உங்க எண்ணம் என்ன?"

சின்னவள் சொன்னாள்: "ஒரு பொம்பளையைக் கற்பனை பண்ணிக்கிட்டேன். தினமும் வெள்ளையடிக்கிறவ. அவ வேலை கண்ணுக்குத் தெரியக் கூடாது. தெரிஞ்சுட்டா வேலை சரியில்லைன்னு அர்த்தம். வாழ்க்கை பூரா மத்தவங்க படத்துக்குப் பின்னால மறைஞ்சு போறவ. இந்த ஒரு சுவர்ல மட்டும்தான் அவ இருந்ததுக்குத் தடயம் இருக்கு."

பிள்ளைகள் குனிந்து நோட்டில் எழுதிக்கொண்டார்கள். அவள் சொன்னது அத்தனையும் உண்மை. என் வாழ்க்கையை எனக்கு யாரும் இவ்வளவு சரியாகச் சொன்னதில்லை.

ஆனா கற்பனையாம். கற்பனை பண்ணிக்கிட்டாளாம். பத்தடி தள்ளி ஏணியில நிக்கிறேன்டி நான். இடுப்புல துணியைக் கட்டிக்கிட்டு, கையில பட்டியோட. நான் உனக்குக் கற்பனையா?

ஏப்ரல் 3, வியாழன்

பேசவில்லை. அவளும் பேசவில்லை. சோறு ஆக்கி மூடி வைத்தேன்.

ஏப்ரல் 6, ஞாயிறு

வெடித்துவிட்டது.

அவள்தான் ஆரம்பித்தாள். "என்னக்கா மூஞ்சியைத் தூக்கி வச்சுக்கிட்டு இருக்க? நீதானே ரெண்டு நாள் போகட்டும்னு சொன்ன?" என்றாள். "சொன்னேன். என்னை இல்லாதவளா ஆக்கச் சொல்லலையே" என்றேன். அவளுக்குப் புரிய ஒரு நிமிடம் ஆயிற்று. புரிந்ததும் உட்கார்ந்துவிட்டாள்.

நான் விடவில்லை. ஒன்பது வருடமாக நான் என்ன செய்கிறேன் என்று ஒரு நாளாவது அந்த அறைக்குள் வந்து பார்த்தாயா என்று கேட்டேன். பத்திரிகைக்காரன் பார்த்த பிறகுதானே உனக்கு அது கண்ணில் பட்டது.

அப்போது அவள் கேட்டாள், மெதுவாக, குரலே உயராமல்: "நீ என் படத்தைப் பார்த்திருக்கியா?"

"ஏன், எல்லாத்தையும் பார்த்திருக்கேன்."

"பார்த்துட்டு என்ன சொல்லுவ?"

நல்லா இருக்கு. அதைத்தான் சொல்லுவேன். சட்டியைக் கழுவிக்கொண்டே, துணியை மடித்துக்கொண்டே, திரும்பிக்கூடப் பார்க்காமல் — நல்லா இருக்குடி. முப்பத்தொரு படத்துக்கும் அதே.

"இருபது வருஷம், அக்கா. ஒருத்தர் பார்த்து, இது தப்பு, இது சரின்னு சொல்ல மாட்டாங்களான்னு இருந்தேன். வீட்டுல ஒரே ஒரு ஆள். அந்த ஆள் ஒரு தடவைகூட நிமிர்ந்து பார்க்கல. அப்புறம் ஒருத்தன் வந்து பார்த்தான். அவன் பார்த்தது என்னோடது இல்லைன்னாலும், விட மனசு வரல."

பாத்திரம் கழுவுகிற இடத்தில் போய் நின்றுகொண்டேன்.

ஏப்ரல் 9, புதன்

லீவு போட்டேன். சின்னவள் பள்ளிக்கூடம் போன பிறகு, கண்காட்சிக்கு எடுக்காமல் விட்ட படங்களை அலமாரிக்குப் பின்னாலிருந்து எடுத்தேன். பதினேழு இருந்தது. சுவரோரமாக வரிசையாகச் சாய்த்து வைத்துவிட்டு, தரையில் உட்கார்ந்தேன்.

முதல் அரை மணி நாற்காலிகள்தான் தெரிந்தன. அப்புறம் மெல்ல மெல்ல சுவர்கள் வர ஆரம்பித்தன. நாற்காலிக்குப் பின்னால் உள்ள சுவர். தலை சாய்த்துச் சாய்த்து எண்ணெய் ஏறிய இடம். பெஞ்சு உரசி உரசிப் பெயர்ந்த கோடு. எல்லாவற்றிலும் இருக்கிறது. ஆட்களை அவள் வரையவில்லை, ஆட்கள் சுவரில் விட்டுப்போனதை வரைந்திருக்கிறாள். இருபது வருடமாக.

சாப்பிட மறந்துவிட்டேன். மூன்று படம் சரியில்லை. அதுவும் தெரிந்தது. நிழல் ஒரு பக்கமும் வெளிச்சம் ஒரு பக்கமும் போகிறது. ஆனால் மற்றவை — எனக்குச் சொல்லத் தெரியவில்லை.

அவள் வருவதற்குள் எல்லாவற்றையும் திரும்ப வைத்துவிட்டேன். ஏன் வைத்தேன்? வெட்கமாக இருந்தது.

ஏப்ரல் 11, வெள்ளி

சின்னவள் சொல்லிவிட்டாள். எனக்குத் தெரியாமல் காலையிலேயே காட்சிக்கூடத்துக்கு வந்து, மேடத்திடமும், தொலைபேசியில் விமர்சகரிடமும். அருங்காட்சியகத்துக்குக் கடிதமும் போட்டுவிட்டாளாம்.

மேடம் என்னைக் கூப்பிட்டார். "ஏன் பொய் சொன்னீங்க?"

"அடிக்காம விட்டதுக்குத் திட்டுவீங்கன்னு பயந்துட்டேன்."

அவருக்குச் சிரிப்பதா கோபப்படுவதா என்று தெரியவில்லை. கடைசியில் கோபப்பட்டார். எழுத்தில் ஓர் எச்சரிக்கை. கையெழுத்துப் போட்டேன்.

ஏப்ரல் 13, ஞாயிறு

விமர்சகர் நேரிலேயே வந்தார், என்னைப் பார்க்க. பக்கத்தில் பார்த்தால் களைத்த மனிதர். மரியாதையாகத்தான் பேசினார். சுவருக்கு முன்னால் நிறுத்திக் கேட்டார்.

"இதைப் போடும்போது மனசுல என்ன நினைச்சீங்க?"

"காயுமா காயாதான்னு நினைச்சேன்."

"வேற எதுவும் இல்லையா? யோசிச்சுச் சொல்லுங்க."

அவர் கண்ணில் ஒரு கெஞ்சல் இருந்தது. நான் ஏதாவது ஒன்று, ஒரே ஒரு வார்த்தை சொல்லியிருந்தால் போதும், சுவர் பிழைத்திருக்கும். சின்னவள் சொன்னதையே திருப்பிச் சொல்லியிருக்கலாம். "வேற எதுவும் இல்லீங்க" என்றேன். தலையாட்டிவிட்டுப் போனார்.

பேருந்தில் வரும்போதுதான் உறைத்தது. நான் சொன்னது முழு உண்மையா? சோதித்துப் பார்க்க எங்கே பூசினால் என்ன. ஏன் வரிசை பிடித்துப் போட்டேன்? ஏன் நூல் பிடித்த மாதிரி நேராக? ஒரு கட்டம் கோணலாகப் போன அன்று சுரண்டிவிட்டு மறுபடி போட்டேனே, அது எதற்கு? வேலை முடிந்த பிறகும் ரெண்டடி பின்னால் போய் நின்று பார்ப்பேனே. யாருக்காக?

போகட்டும். அவர் கேட்டபோது வரவில்லை.

ஏப்ரல் 15, செவ்வாய்

பத்திரிகையில் நாலு வரித் திருத்தம். முப்பத்திரண்டாம் எண்ணாகக் குறிப்பிடப்பட்டது கலைப்படைப்பு அல்ல, பராமரிப்பு ஊழியரின் சாயச் சோதனை என்று தெரியவந்துள்ளது. வருந்துகிறோம்.

அதே சுவர். ஒரு கட்டம்கூட இடம் மாறவில்லை. நான் போய்ப் பார்த்தேன். கயிற்றை அவிழ்த்துவிட்டார்கள். அட்டையைப் பிய்த்த இடத்தில் பசை மட்டும் இருந்தது. பள்ளிக்கூடப் பிள்ளைகள் கூட்டம் ஒன்று உள்ளே வந்து, ஒன்றுமில்லை என்று திரும்பிப் போயிற்று.

ஏப்ரல் 21, திங்கள்

காட்சிக்கூடத்துக்கு விடுமுறை நாள். கண்காட்சி முடிந்து படங்கள் எல்லாம் இறங்கிவிட்டன. வேலைப் பட்டியலில்: பின் அறை, நாலாவது சுவர், வெள்ளை.

சின்னவளும் பள்ளிக்கூடத்துக்கு லீவு போட்டுவிட்டு வந்தாள். வேண்டாம் என்று தடுப்பாளோ என்று நினைத்தேன். தடுக்கவில்லை. சுவர் கிட்டே போய், மேல் வரிசையிலிருந்து ஒவ்வொன்றாகப் படித்தாள், வாய்விட்டு. "மஞ்சள் ரெண்டு. பரவாயில்லை." "கறுப்பு கூடிவிட்டது. மறுபடி." ஒன்பது வருடத்தையும் படித்து முடிக்க ரொம்ப நேரம் ஆயிற்று. நான் டப்பாவின் மேல் உட்கார்ந்து கேட்டுக்கொண்டிருந்தேன். மூன்று மணி வெயில் வந்து போனது. தூங்கினேனா விழித்திருந்தேனா, அவள் குரல் மட்டும் அறைக்குள் மிதந்துகொண்டிருந்தது.

பிறகு அடித்தேன். அழுகை வந்தது. அழுதுகொண்டே அடித்தேன். இரண்டு கோட்டிங். நல்ல வேலை. ஒன்றும் தெரியவில்லை.

ஏப்ரல் 27, ஞாயிறு

சின்னவள் சாயப்பெட்டியைத் திறந்தாள். நான் மேஜையின் ஓரத்தைக் காலி செய்து கொடுத்தேன்.

மே 4, ஞாயிறு

"ரோலரை எடுத்துக்கிட்டு சாப்பாட்டு மேஜைக்குப் பின்னால அந்தச் சுவர்கிட்ட நில்லு" என்றாள்.

"எதுக்கு?"

"நில்லேன்."

ஆளே வரையாதவள். இரண்டு மணி நேரம் நின்றேன். மூக்கு அரித்தது. அசையாதே, அசையாதே என்று உயிரை வாங்கினாள். யாராவது என்னை இவ்வளவு நேரம் பார்த்துக்கொண்டே இருந்தது இதுதான் முதல் தடவை. முதலில் கூச்சமாக இருந்தது. பிறகு எங்கோ தூரத்தில் இருக்கிற மாதிரி ஆகிவிட்டது.

மே 18, ஞாயிறு

படம் முடிந்துவிட்டது என்றாள். மேஜை மேல் சாய்த்து வைத்துவிட்டு, கையைத் துடைத்துக்கொண்டு, என் பக்கம் திரும்பாமல், "எப்படி இருக்கு?" என்றாள்.

அடுப்பை அணைத்தேன். கையைக் கழுவித் துடைத்தேன். நாற்காலியை இழுத்துப் போட்டு உட்கார்ந்து பார்த்தேன். அவள் தண்ணீர் குடித்தாள். ஜன்னல் ஓரம் போய் வந்தாள். மறுபடி தண்ணீர் குடித்தாள். நான் பார்த்துக்கொண்டே இருந்தேன்.

"முகம் நான்தான்," என்றேன். "பின்னால சுவரும் சரி. ஆனா தோள் பொய். நீ அதை நேரா வரைஞ்சிருக்க. ஒன்பது வருஷம் மேல பார்த்து அடிச்சவளுக்கு வலது தோள் இறங்கித்தான் இருக்கும்."

சட்டையை விலக்கி என் தோளைக் காட்டினேன்.

அவள் கிட்டே வந்து பார்த்தாள். தொட்டும் பார்த்தாள். சுரண்டுகிற கத்தியை எடுத்து, படத்தில் அந்தத் தோளை முழுசாக வழித்துப் போட்டுவிட்டு, "நில்லு" என்றாள்.

நான் போய் நின்றேன்.